டோனாவூர் அம்மாவும் என் ஊன்றுகோல்களும்

கடந்த ஆண்டு செப்டம்பரில், மழை விட்ட ஒரு மாலை நேரத்தில், விடுதிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டேன். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு என்றார் மருத்துவர். என் அறை மூன்றாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. வீடு பேராக்கில், படிப்பு சிலாங்கூரில்.

ஞாயிறுதோறும் நான் போகும் சிறிய தமிழ்த் திருச்சபை ஒன்று பக்கத்தில் உண்டு. செய்தி தெரிந்த அன்றிரவே அங்குள்ள அக்காமார் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள். திங்கள் சாப்பாடு யார், செவ்வாய் கார் ஓட்டுவது யார், துணி துவைப்பது யார் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. நான் எல்லாருக்கும் நன்றி சொல்லி, வேண்டாம், சமாளித்துக்கொள்வேன் என்று பதில் எழுதினேன். என்னை அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அது வீம்பு. ஊரில் எங்கள் சபை உணவுப் பொட்டலம் கட்டும்போதெல்லாம் பட்டியல் எழுதுவது நான்தான். கொடுப்பவர்கள் பக்கத்தில் என் பெயரைப் பார்த்தே பழகிவிட்டேன். வாங்குபவர்கள் பக்கத்தில் அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மூன்று நாள் ரொட்டியும் மைலோவும்தான். நான்காம் நாள் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். சபையில் யாரோ அம்மாவிடம் சொல்லி, அம்மா பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி திட்டவில்லை. அலமாரியில் இருக்கும் டோனாவூர் அம்மா புத்தகத்தைச் சின்ன வயதில் எனக்கு வாசித்துக் காட்டினாரே, அதில் கடைசிப் பகுதி நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் நீலக் கண் கதை ஒன்றுதான்.

ஞாயிறுப் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். அயர்லாந்தில் ஒரு சிறுமி தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டுப் படுக்கிறாள். காலையில் நாற்காலியில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். பல ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில் தோலில் சாயம் பூசிச் சேலை கட்டிச் சென்றபோது, அந்தப் பழுப்பு நிறம்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது. அழகான கதைதான். ஆனால் எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டி கேட்ட கடைசிப் பகுதியைத் தேடி ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையை முழுதாக வாசித்தபோது, எனக்கு வேறொரு பெண் தெரிந்தார்.

ஏமி 1867 டிசம்பர் 16-ஆம் நாள் வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு மாவு ஆலை இருந்தது. வசதியான குடும்பம், பிறகு நொடித்தது. 1885-இல் அப்பா இறந்தபோது ஏமிக்கு வயது 17. மூத்த பெண் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதில் தொடங்கி, மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதே அவர் சுபாவமாகிவிட்டது.

பெல்பாஸ்ட் நகரில் குடியிருந்த நாள்களில் நடந்த ஒன்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில், கனத்த மூட்டையைச் சுமந்து தள்ளாடும் ஓர் ஏழைக் கிழவியைக் கண்டார். ஏமியும் தம்பிமார் இருவரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, கிழவியின் கையைப் பிடித்து நடத்திச் சென்றார்கள். எதிரே கோயிலிலிருந்து வரும் மதிப்புமிக்க மனிதர்களின் கண்கள் முழுவதும் தங்கள் மேல்தான் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி வெட்கப்பட்டதற்காக அன்று மாலையே தன் அறைக்குள் போய் மனம் திருந்தினாராம். பிறகு ஆலைகளில் வேலை செய்யும் ஏழைப் பெண்களிடம் போனார். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொள்ளும் பெண்கள் அவர்கள். அவர்களுக்காக 1889-இல் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு கூடத்தையே எழுப்பினார். ஐந்நூறு பேர் உட்காரலாம். அப்போது அவருக்கு 21 வயது. என்னைவிட ஒரு வயதுதான் அதிகம்!

இதில் நான் கவனித்தது இன்னொன்று. இவ்வளவு ஓடியாடியவருக்கு உடம்பு ஒத்துழைக்கவே இல்லை. நரம்பு வலி வந்தால் வாரக் கணக்கில் படுக்கைதான். சீனாவுக்கு மிஷனரியாகப் போக விண்ணப்பித்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893-இல் ஜப்பானுக்குப் போனார். பதினைந்து மாதங்களில் உடல் முறிந்தது. இலங்கையில் கொஞ்ச காலம், பிறகு வீடு. அந்த ஆண்டுகளில் எல்லாம் அவரைத் தாங்கியவர் ராபர்ட் வில்சன் என்ற முதியவர். மனைவியையும் மகளையும் இழந்தவர், ஏமியைத் தன் மகளாகவே வீட்டில் வைத்துக்கொண்டார். ஏமியும் தம் பெயரோடு வில்சன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஆகவே அவர் உதவியே பெறாதவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உடல் தேறியதும் எழுந்து ஓடிவிடுவார். பெற்ற உதவி அடுத்த ஓட்டத்துக்கு எரிபொருள் போல. அதை எனக்கு நன்றாகவே புரிகிறது.

1895 நவம்பரில் இந்தியா வந்து இறங்கினார். அதன்பிறகு சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

தமிழ் கற்கத் திருநெல்வேலிப் பக்கம் வந்து, பண்ணைவிளையில் தாமஸ் வாக்கர் குடும்பத்தோடு தங்கினார். வாக்கர் கண்டிப்பான ஆசிரியர். ஏமி உள்ளூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தப் பெண்களில் ஒருவர் பொன்னம்மாள். இளம் விதவை. தம் நகைகளைக் கழற்றிவைத்தவர். நம் ஊர்ப் பெண்களின் வீட்டுப் பேச்சு, நுழையக்கூடாத வாசல், கேட்கக்கூடாத கேள்வி என எல்லாவற்றையும் ஏமி இவர்களிடமிருந்துதான் கற்றார். வரலாற்றில் பெரிய எழுத்தில் ஏமியின் பெயர் இருக்கிறது. பொன்னம்மாளின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்குக் குறையாகவே படுகிறது.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. கோயில் பணிக்கென்று ஒப்படைக்கப்பட்டவள். அதற்குமுன் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியபோது தாயே திருப்பி அனுப்பிவிட்டாள். கைகளில் சூடு போட்டிருந்தார்கள். வந்தவள் ஏமியின் மடியில் ஏறிக்கொண்டாள். அவரை அம்மா என்றே அழைத்தாள். அன்றிலிருந்து அவர் எல்லாருக்கும் அம்மாதான்.

அந்தக் காலத்தில் தேவதாசி முறை என்ற பெயரில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமையை எதிர்த்தவர் ஏமி ஒருவர் மட்டும் அல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் நடத்திய போராட்டத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சட்டம் வந்தது 1947-இல்தான். ஏமி செய்தது வேறு வகை வேலை. தப்பி வந்த பிள்ளைகளுக்கு ஒரு வீடு கொடுத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் என்ற கிராமம். முன்பு அங்கே கோயில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் ஊருக்கே ஒட்டிக்கொண்டது. அங்கே குழந்தைகள் ஒன்று பத்தாகி, பத்து நூறாகின. கைக்குழந்தைகளைக் காப்பாற்றுவது எளிதாக இல்லை. அதற்காக நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் ஒரு குழந்தைகள் இல்லம் வைத்து, பொன்னம்மாள் பொறுப்பேற்றார். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். 1927-இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது.

அந்த வீட்டின் நடைமுறை கொஞ்சம் விசித்திரமானது. யாருக்கும் சம்பளம் இல்லை. யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ யாரோ அனுப்புவதை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சேலை கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, உள்ளூர்ப் பெண்கள் அக்காள். தாழ்ந்த வேலை, உயர்ந்த வேலை என்று பிரிவில்லை. பிள்ளையின் பிறந்தநாள் பெரும்பாலும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்துசேர்ந்த நாளையே கொண்டாடினார்கள்.

அம்மா எளிதான மனிதர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம் வழிதான் வழி என்ற பிடிவாதம் அவருக்கு உண்டு. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் இளைஞராக டோனாவூருக்கு வந்து, ஒத்துப்போகாமல் ஓராண்டு அளவில் விலகிவிட்டார். 1919-இல் அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, அதை மறுக்கவே அம்மா முயன்றார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஏற்றார், விழாவுக்குப் போகவில்லை. இதை வாசிக்கும் பலர் பணிவு என்று பாராட்டுவார்கள். இருக்கலாம். ஆனால் என் நிலையில் இருந்து வாசித்த எனக்கு, வாங்கிக்கொள்ளத் தெரியாத ஒருவரும் அதில் தெரிந்தார்.

பாட்டி சொன்ன கடைசிப் பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

1931 அக்டோபர் 24. டோனாவூருக்கு அருகில் உள்ள களக்காட்டில் ஒரு சிறிய மருந்தகம் திறக்க ஒரு வீட்டை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்வையிட அம்மா போனார். வயது 63. இருட்டும் நேரம். வேலையாட்கள் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு குழி வெட்டிவைத்திருந்தார்கள். அதற்குள் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகுத்தண்டிலும் அடி. நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் அவருடைய கைக்குழந்தைகள் பிழைத்த அதே நெய்யூர். சில வாரங்களில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் எலும்பு கூடிய பிறகும் வலி போகவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக நோய்கள் சேர்ந்தன. கடைசிவரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

என் ஆறு வாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் நான் வெட்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, யோசித்துப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் போர்த்திவிட்ட கைகள். இப்போது அந்தப் பிள்ளைகளே வளர்ந்து வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். தலையணையைச் சரிசெய்கிறார்கள். உடம்பு துடைக்கிறார்கள். கடல் தாண்டி யாரோ அனுப்பும் பணத்தை நம்பிக்கையோடு பெறுவது ஒன்று. அனுப்பியவர் கண்ணெதிரே நிற்பதில்லை. ஆனால் கழிவறைக்குப் போகப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, அது வேறு. நான்கு நாள் ஒற்றைக் காலில் நொண்டியபிறகு எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் எத்தனை இரவுகள் அதோடு மல்லுக்கட்டினார் என்பது அவருக்கும் அந்த அறைக்கும்தான் தெரியும்.

அவர் எழுதிய ஒன்றில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, எனக்கு அது பிடித்திருந்தது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் சிறு புத்தகங்கள் நிறைய வந்தன. எல்லாம் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் எழுதியவை. அவை தம்மைத் தொடவே இல்லை என்று கண்டார். ஆகவே நோயாளியாக இருந்தே நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து, முள்செடியிலிருந்து ரோஜா என்ற பொருள்படும் பெயரில் 1933-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் படுக்கையில் இருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. வந்துசேர்ந்த நாளைக் கொண்டாடும் பிள்ளைகள் அறைக்கு வந்தார்கள். மற்றவர்களுக்குச் சிறு சிறு குறிப்புகள் எழுதி அனுப்பினார்.

படுக்கையிலும் சாதித்தார் என்று மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறொன்று. பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்த அந்த அம்மா, தாம் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை மற்றவர்களிடம் கொடுத்தார். பெண்கள் பக்கம் டாக்டர் மே பாவெல், ஆண்கள் பக்கம் காட்ஃப்ரி வெப்-பெப்லோ. அறைக்கு வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கும். மருத்துவமனையில் வேலை நடக்கும். முடிவுகளை யாரோ எடுப்பார்கள். அவரோ உள்ளே படுத்திருந்து, அவர்கள் தம்மைத் தாங்குவதுபோலவே தம் வேலையையும் தாங்கட்டும் என்று விட வேண்டும். தமக்குப் பின் குடும்பத்தை நடத்துவார் என்று நம்பியிருந்த காட்ஃப்ரி 1949-இல் அவருக்கு முன்பே இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு, தம் அறையிலேயே மறுபடி விழுந்திருந்தார் அம்மா. அதன்பிறகு கட்டிலை விட்டு எழவே இல்லை. அந்தக் கடைசிக் காலத்தில் அவர் முழுக்க முழுக்க மற்றவர்களின் கைகளில் இருந்தார்.

1951 ஜனவரி 18, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 83. கல்லறையில் தமக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதை மீறவில்லை. கல்லுக்குப் பதில், பறவைகள் நீர் அருந்தக் கல்லால் ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். படுத்திருந்த ஆண்டுகளில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு மிகவும் பிடிக்குமாம்.

இதை வாசித்து முடித்தது ஐந்தாம் நாள் இரவு. யோவான் சுவிசேஷத்தில் ஓர் இடம் உண்டு. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ வரும்போது, பேதுரு மட்டும் ஒருபோதும் கூடாது என்கிறான். சின்ன வயதிலிருந்து அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம், கழுவுகிறவரைப் போல நாமும் இருக்க வேண்டும் என்றுதான் போதகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேதுருவின் கால் எப்படிக் கூசியிருக்கும் என்று யோசித்ததே இல்லை.

பட்டியல் போட்ட அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். நான்கைந்து முறை எழுதி அழித்தேன். மன்னிப்பு, விளக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தலைமுடி கழுவ உதவி வேண்டும் என்று மட்டும் கடைசியில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ஒரு கையில் நாசி லெமாக், மறு கையில் ஷாம்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலைப் பையால் சுற்றி, வாளித் தண்ணீரில் முடியைக் கழுவினார். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடு, சோப்பு போகும் என்றார் அக்கா. மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் பொய். காரில் ஏறும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் காசு கொடுக்கத் தோன்றும். சாப்பாட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கை வராது. அதில் ஏதாவது போட்டுக் கொடுக்க, என் அறையில் ரொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் கழுவின பாத்திரத்தை அப்படியே கொடுக்கப் பழகினேன்.

நவம்பரில் கட்டைப் பிரித்தார்கள். ஊன்றுகோல்கள் இரண்டும் சபையின் பொருளறையில் இருந்து வந்தவை. கைப்பிடியில் எனக்கு முன் யாரோ பழைய துண்டைக் கிழித்து, உள்ளங்கை வலிக்காதபடி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். யார் என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை. அந்தத் துணி என் கையில் தேய்ந்து நைந்து போயிருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின இரவு அதைப் பிரித்து எடுத்துவிட்டு, என் பழைய சட்டை ஒன்றைக் கிழித்துச் சுற்றினேன்.